டாக்டர் எழுதாமல் விட்ட சொல்

இன்று காலை நான் வந்து சேர்வதற்குள் யாரோ கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார்கள். காசிமேட்டுக் காற்று கருவாட்டு வாடையோடு உள்ளே புகுந்து, என் மேஜைமேல் இருந்த வெற்றுக் கார்டுகளைத் தரையெல்லாம் இறைத்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன். கொஞ்சம் அதட்டலாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு. அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு ஜன்னலுக்காக நீ இந்த நூலகத்தில் சண்டை போடாத ஆளில்லை.

"நாத்தம் இல்லடீ, எங்க தெரு வாசன" என்பாய். நூலகர் தலைவலி என்று சொல்லிப் பார்த்தார். வாசிக்க வந்த டாக்டர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக் காட்டினார்கள். நீ அசைந்து கொடுக்கவில்லை. வீம்பு என்று நானும் நினைத்திருந்தேன். உனக்கு மூச்சுக்குக் காற்று வேண்டியிருந்தது என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு உன்னோடு சேர்ந்து நானும் சண்டைக்கு நின்றேன். இன்று குனிந்து கார்டுகளைப் பொறுக்கும்போது உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. வேலையைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன், மீதியை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்ணூரில் மின்சார நிலையத்துக்குப் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நாம் இருவரும் ஒரே வாரத்தில் இந்த மருத்துவக் கல்லூரி நூலகத்தில் சேர்ந்தோம். நீ ராயபுரம், மாதா கோயிலுக்குப் பின்தெரு, அப்பா ரயில்வேக்காரர். நான் திருவொற்றியூர், அப்பா தீப்பெட்டி ஆலை. நான் உன்னைவிடச் சில மாதம் மூத்தவள். அதைச் சொல்லி நான் அதிகாரம் செய்யப் பார்த்ததும், நீ அதைச் சட்டை செய்யாததும் முதல் நாளே ஆரம்பித்துவிட்டன.

நம் வேலை என்னவென்று வீட்டில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேல்படிப்புப் படிக்கும் டாக்டர்கள் எழுதிய ஆய்வேடுகள் நம்மிடம் வரும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. தன் ஆய்வு எதைப் பற்றியது என்று டாக்டர் தன் சொற்களில் நாலைந்து அதில் எழுதியிருப்பார். அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நோயை ஒருவர் ஒரு பெயரில் எழுதுவார், அடுத்தவர் வேறு பெயரில் எழுதுவார். அப்படியே விட்டால் ஒரே சங்கதி இழுப்பறைக்கு இழுப்பறை சிதறிக் கிடக்கும். அதனால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் தலைப்புப் புத்தகத்தைப் பிரித்து, டாக்டரின் சொல்லுக்கு அதில் எந்தத் தலைப்பு பொருந்தும் என்று பார்த்து, அந்தத் தலைப்பில் கார்டு எழுதிச் சேர்க்க வேண்டும். நாளைக்கு அந்த நோயைப் பற்றித் தேடி வருகிறவர் அந்த இழுப்பறையைத் திறப்பார். அதில் கார்டு இல்லையென்றால், அப்படியோர் ஆய்வேடே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

"அவங்கோ பெத்துப் போடுவாங்கோ, நாங்கோ பேரு வெக்கிறோம்" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாம். நான் இத்தனை வாக்கியத்தில் சொன்னதை நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

வேலையில் சலிப்புத் தட்டாமல் இருக்க ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தாய். ஒருவர் சீட்டில் உள்ள சொல்லைப் படிக்க, மற்றவர் புத்தகத்தைத் திறக்காமலே தலைப்பைச் சொல்ல வேண்டும். தோற்றவர் கீழே போய் டீ வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். நீ தோற்ற அன்று டீ ஆறிப்போய்த்தான் மேலே வரும். ஒருநாள் நானும் கீழே இறங்கியபோது பார்த்தேன். பாதிப் படியில் நின்று, டீ டம்ளர்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்தாய். உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்தேன். நீ அதையும் கண்டுபிடித்துவிட்டாய். பிறகு என்னோடு பேசாமலே கார்டு எழுதினாய்.

பேச ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் சொன்னாய். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த காய்ச்சல், இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்த மனிதர் இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகும் உன்னையே கட்டுவேன் என்று நின்றார். மாதா கோயிலில் உங்கள் கல்யாணப் பூசைக்கு நான் வந்திருந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, மணப்பெண்ணாக நின்றவள் திரும்பிச் சிரித்தாய்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியான வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய். கேட்டதும் வயிற்றின்மேல் கையை வைத்துக் காட்டினாய். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திக்கு நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். படித்தவளா நீ, டாக்டர் சொன்னது மறந்துபோயிற்றா, உன் வீட்டுக்காரருக்கு அறிவில்லையா என்றெல்லாம் கேட்டேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"எனக்கு ஒரு கொயந்த வேணும்டீ. அவ்ளோதான். நீ திட்டறதெல்லாம் திட்டிக்கோ, அப்பறம் சோறு துன்னலாம்."

இருவரும் சாப்பிட்டோம்.

ஐந்தாம் மாதத்தில் உன்னால் ராயபுரம் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைகூட நடக்க முடியவில்லை. பக்கத்திலேயே இருந்த நம் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் உன்னைப் பார்த்தார். நெஞ்சைத் திறந்து, விரலை விட்டு அந்த வால்வை விரித்துவிடலாம் என்றார். செய்வதானால் ஆறாம் மாதம் முடிவதற்குள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிரசவ சமயத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. செய்தாலும் முழு உறுதி தர முடியாது. யோசித்துச் சொல்லம்மா என்று அனுப்பிவிட்டார். இதற்கு முன்னால் இந்த ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு யாருக்காவது செய்திருக்கிறார்களா, அவர்கள் என்ன ஆனார்கள் என்று நீ கேட்டாய். தான் வருவதற்கு முன்னால் இங்கே நடந்தது தனக்குத் தெரியாது என்று அவர் உள்ளதைச் சொன்னார்.

நீ நேராக நூலகத்துக்கு வந்தாய். கர்ப்பம் என்ற தலைப்பின் இழுப்பறையை முழுசாக உருவி மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு கார்டாகத் தள்ளினாய். சோகை இருந்தது, ஜன்னி இருந்தது, ரத்தப்போக்கு இருந்தது. இதயம் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தள்ளினாய்.

"நான் பாத்துகீறேன்டீ. வயித்துப் புள்ளக்காரிங்களுக்கு நெஞ்சுல ஆபரேசன் பண்ண தீசிஸு ஒண்ணு. இதே கையால பொரட்டிகீறேன்."

பயத்தில் மனம் எதையோ கற்பனை செய்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவில்லை. எழுதியவர் பெயரும் உனக்கு நினைவில்லை, வருஷமும் நினைவில்லை. இதயத்துக்கான இழுப்பறைகளில் கார்டுகள் ஏராளம், எதற்குள் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்று அவை சொல்லாது. அதனால் மத்தியான இடைவேளைகளில் ஆய்வேட்டு அலமாரிகளுக்கு நடுவே உன்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, இதயம் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றையும் நான் இறக்கிக் கொடுத்தேன். நீ மடியில் வைத்துப் புரட்டினாய். தினம் ஒரு அடுக்கு முடிந்தது. ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து உன்னை அழைத்துப்போக வந்து, வாசலில் நின்றபடி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், இன்னும் இல்லை என்று.

கடைசியில் கிடைத்தது. வால்வு அறுவை சிகிச்சையில் எங்கள் அனுபவம் என்று பொதுப்படையான ஒரு பெயர். சீட்டில் டாக்டர் எழுதியிருந்தவை வால்வு, சுருக்கம், அறுவை சிகிச்சை ஆகிய சொற்கள்தான். ஆனால் உள்ளே கடைசி அத்தியாயம் முழுவதும் கர்ப்பிணிகள். அவர் தன் கைத்திறமையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், அந்தப் பெண்கள் அவருக்கு ஒரு உபகதை. கர்ப்பம் என்ற சொல்லை அவர் எழுதாமல் விட்டுவிட்டார், அவர் எழுதாததால் கார்டு எழுதியவரும் விட்டுவிட்டார். முதல் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்த தலைப்புகளைப் பார்த்தாய்.

"என் கையெயுத்துதான்டீ" என்றாய். "உள்ள பொரட்டிப் பாத்தும், சீட்டுல கீறத மட்டும் எயுதி மூடி வெச்சிகீறேன், சோம்பேறி."

அது சோம்பல் இல்லை. கப்பலில் வரும் தடித்த அட்டை, வீணாக்கக் கூடாது, ஓர் ஆய்வேட்டுக்கு இரண்டு தலைப்புக்குமேல் கார்டு கிடையாது என்பது நூலகர் போட்டிருந்த சட்டம். வால்வு ஒன்று, அறுவை சிகிச்சை ஒன்று, கணக்கு முடிந்தது. நீயும் நானும் எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். நீ காதில் வாங்காமல் அட்டவணைப் பக்கத்துக்குப் போய்விட்டாய்.

அட்டவணையில் பெயர்கள் இல்லை. வயது, ஊர், எத்தனையாவது மாதம், பிறகு தாய் என்று ஒரு கட்டம், சேய் என்று ஒரு கட்டம். விரலை வைத்து வரிவரியாக இறங்கினாய். பேசின்பிரிட்ஜ்காரி ஒருத்தி பிழைத்திருந்தாள், பிள்ளையும் பிழைத்திருந்தது. புளியந்தோப்புக்காரி, பொன்னேரிக்காரி, அவர்களும் பிழைத்திருந்தார்கள். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாய். நான் எட்டிப் பார்த்தேன். உன் வயதுதான் அவளுக்கும். இரண்டு கட்டத்திலும் ஒரே சொல் இருந்தது.

விரலை எடுக்கவே இல்லை நீ. நான் உன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பேரு கூட போடலயேடீ" என்றாய் பிறகு. "இவளுக்கு ஒரு பூச வெக்கணும். பேரு தெரியாட்டியும் மாதாவுக்குத் தெரியும்."

அடுத்த நாள் நீ எடுத்த முடிவை எனக்குச் சொல்லுமுன் வேறொரு காரியம் செய்தாய். புதுக் கார்டு ஒன்றை எடுத்து, கர்ப்பம், இதயச் சிக்கல்கள் என்ற தலைப்பில் அந்த ஆய்வேட்டை எழுதி, கையெழுத்துக்காக நூலகரிடம் நீட்டினாய். மூன்றாவது கார்டு. அவர் நல்ல மனிதர், சட்டம் தவறாதவர். டாக்டரே கேட்காத தலைப்பை நாம் எதற்குக் கொடுப்பது என்றார். ஆரம்பித்தால் இதற்கு முடிவே கிடையாது என்றும் சொன்னார். அலுவலகத்தில் நீ எல்லோரையும் போல அடக்கமாகப் பேசக்கூடியவள். அன்று அப்படிப் பேசவில்லை.

"சார், நாளிக்கி ஒரு டாக்டரம்மா என்ன மாதிரி ஒருத்திக்காகத் தேடிகினு வருவாங்கோ. அவங்கோ இந்த டிராயரத்தான் தொறப்பாங்கோ. இதுல ஒண்ணும் இல்லன்னா, அவகிட்ட போயி இன்னா சொல்லுவாங்கோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் வயிற்றைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட சிரமம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, இனிமேல் தேவைப்பட்டால் மூன்று எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய்.

அறுவை சிகிச்சை நடந்த காலையில் நானும் உன் வீட்டுக்காரரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், ஜெபமாலை கையில் இருந்தது. மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்து என்னிடம் கொடுத்தார். "நீங்க துன்னாம கீறதா தெரிஞ்சா அவ எந்திரிச்சி வந்து என்னத் திட்டுவா" என்றார். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் கிளம்பும் சங்கு கேட்டது, அது எந்தக் கப்பல் என்று எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து, விரிந்துவிட்டது, குழந்தையின் துடிப்பும் கேட்கிறது என்றபோதும் அந்தக் கப்பல் பேச்சை முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

பாப்பா பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். வேதத்துக்கு வெளியே இருக்கிறவள் எப்படி நிற்பது என்று பங்குச் சாமியார் மறுத்துவிட்டார். நீ விடுவாயா? சடங்கெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாய். "அவுரு உள்ள சொன்னாரு, நான் வெளியில சொல்றேன். நீதான் பெரிம்மா." சாமியார் அதைக் கேட்டும் கேட்காதவர்போல் போனார்.

நீ வேலைக்குத் திரும்பிய பிறகு நம் வழக்கமே மாறியது. ஆய்வேடு வந்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் அட்டவணைகளைப் படிப்பாய். "டாக்டரு இன்னா எழுதிகீறாருன்னு அப்பறம் பாரு, உள்ள யாரு கீறாங்கன்னு மொதல்ல பாரு" என்பாய். அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் பெருமூச்சோடு ஓர் ஆய்வேட்டை என் பக்கம் தள்ளினாய். உன் டாக்டரின் மாணவர் எழுதியது. ஒரு வரியில் உன் வயது, ராயபுரம், ஆறாவது மாதம், தாய் நலம், சேய் நலம். அழப்போகிறாய் என்று நினைத்தேன். "வேலைங்கற கட்டத்துல பாத்தியா? கிளார்க்காம். நான் கிளார்க்காடீ?" என்று அன்று முழுவதும் பொருமினாய். அப்புறம் உன் கையாலேயே அதற்கு மூன்று கார்டு எழுதினாய்.

அந்த வால்வு மறுபடியும் சுருங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சுருங்கியது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே, போன வருஷம் மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். கடைசியாகப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகியிருந்தாய், படுத்தால் மூச்சு முட்டியது. பாப்பாவைப் பார்த்துக்கொள் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோது எனக்குப் பக்கத்தில் நூலகர் நின்றார். அவரும் நானும் ஒரே ரிக்‌ஷாவில் திரும்பினோம்.

இந்த வாரம் ஓர் ஆய்வேடு வந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு வால்வை விரித்துக்கொண்ட பெண்கள் சில வருஷங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அட்டவணைக்குப் போனேன். உன் வரி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. தாய் என்ற கட்டத்தில் இருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். பெண் குழந்தை, நலம், பள்ளிக்குப் போகிறாள் என்றிருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் எல்லா வரியிலும் பிள்ளைகள். உயரம், எடை, நடக்க ஆரம்பித்த மாதம் எல்லாம் அவர் சிரத்தையாகக் குறித்திருக்கிறார். சீட்டை நிமிர்த்திப் பார்த்தேன். வால்வு, அறுவை சிகிச்சை, பின்விளைவு. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உன்னிடம் அவ்வளவு கோபப்பட்டேனே, அந்த மத்தியானம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான். பிறந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று கேட்கத்தான் நான் உன்னைத் திட்டினேன், கேட்கத் தெரியாமல். இன்னொருத்தியும் கேட்பாள், அவளுடைய டாக்டரோ சிநேகிதியோ இங்கே வந்து நிற்பார்கள். வால்வுக்கு ஒன்று, கர்ப்பத்துக்கு ஒன்று எழுதிவிட்டு, குழந்தை வளர்ச்சி என்ற தலைப்பில் மூன்றாவது கார்டை இன்று எழுதினேன். நூலகர் வாங்கிப் படித்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கார்டைச் சேர்த்து இழுப்பறையை மூடுவதற்குள் நேரமாகிவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் மத்தியான ஷிஃப்ட், பள்ளியிலிருந்து பாப்பாவை அழைத்துவருவது நான். போனபோது எல்லாப் பிள்ளைகளும் போயிருந்தார்கள், கேட் ஓரமாக இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பெரிம்மா எப்பவுமே லேட்டு என்றாள். ஒரு கார்டு எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"யாருக்கு?"

"இன்னும் பொறக்காத ஒரு பாப்பாவுக்கு."

புத்தகப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் ஓடினாள்.